தினமும் 48 கிலோமீட்டர்: அப்பாவின் பழைய பேட்டரி வண்டிக்கு லித்தியம் போடவா, புது வண்டி எடுக்கவா?

சேர்மாதேவியான்
3 மார்ச் 2025, இரவு 9:12

வணக்கம். வீடு சேரன்மகாதேவி, வேலை பாளையங்கோட்டை. பட்டமடை, முன்னீர்பள்ளம், மேலப்பாளையம் வழியாக வாசலுக்கு வாசல் 24 கிலோமீட்டர். போக வர 48. மாதம் 25 நாள். இப்போது ஓட்டும் பெட்ரோல் ஸ்கூட்டர் லிட்டருக்கு 45 கொடுக்கிறது. மாதம் 2,700 ரூபாய் பெட்ரோல் பங்க்கில் கொட்டுகிறேன்.

தொழுவத்தில் அப்பாவின் பேட்டரி வண்டி ஒன்று சும்மா கிடக்கிறது. 2020இல் வாங்கியது. லைசென்ஸ், ஆர்சி எதுவும் வேண்டாத ரகம்: 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம். நாலு லெட் ஆசிட் பேட்டரி, 48 வோல்ட், 28 ஆம்பியர் ஹவர். இரண்டு வருடம் நன்றாக ஓடியது. இப்போது முழுச் சார்ஜில் கடைத்தெரு வரை போனால், திரும்பி வரும்போது தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

ஒரு கடையில் விசாரித்தேன். "48 வோல்ட் 30 ஆம்பியர் லித்தியம் போட்டுத் தருகிறேன், 80 கிலோமீட்டர் ஓடும், 32 ஆயிரம்" என்றார்கள். புது வண்டி என்றால் ஒரு லட்சத்துக்கு மேலே போகிறது. 80 ஓடும் என்றால் 48க்குத் தாராளம் இல்லையா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


வள்ளியூர் வேகம்
3 மார்ச், இரவு 9:40

32 ஆயிரத்தில் முடிகிற வேலைக்கு லட்சம் எதற்கு? லித்தியம் போடுங்கள். 25 வேகம் பத்தாது என்றால், மோட்டாருக்குக் கரண்டை அளந்து கொடுக்கிற கண்ட்ரோலரில், வேகத்தைக் கட்டிப்போடும் லிமிட் வயர் என்று ஒரு ஒற்றை லூப் இருக்கும். அதைக் கழற்றிவிட்டால் 40, 45 போகும். என் மச்சினன் ஒரு வருடமாக அப்படித்தான் ஓட்டுகிறான்.


பேட்டை ஒயர்மேன்
4 மார்ச், காலை 6:05

வள்ளியூர் தம்பி, வெள்ளன எழுந்ததும் உம்முடைய பதிவைத்தான் வாசித்தேன், சாயா கசந்துபோச்சு. லூப் வயருக்குப் பிறகு வருவோம்.

சேர்மாதேவித் தம்பி, கடைக்காரர் கிலோமீட்டரில் பேசினால் நீர் யூனிட்டில் பேசும். 48 வோல்ட்டை 30 ஆம்பியர் ஹவரால் பெருக்கினால் 1,440 வாட் ஹவர். வீட்டு மீட்டர் கணக்கில் 1.44 யூனிட். அடி வரை வழித்து எடுக்க முடியாது, 1.3 என்று வையும். இனி, உம்ம வண்டி ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட் ஹவர் தின்கிறது? தனி ஆள், சமதரை, 25 வேகம், டயரில் சரியான காற்று என்றால் 16க்குப் பக்கத்தில் முடியும். 1,300ஐ 16ஆல் வகுத்தால் 81. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 16 எங்கே, எப்போது கிடைக்கும் என்பதில்தான் சங்கதியே இருக்கிறது. பின்னால் ஆள் ஏறினால், டயரில் காற்று இறங்கினால், பிரேக் லேசாக உரசிக்கொண்டே ஓடினால் அது 22, 25 என்று ஏறும்.

பழைய லெட் ஆசிட்டும் பேருக்கு 1.34 யூனிட்தானே என்று கேட்பீர். லெட் ஆசிட்டை அவசரமாக இழுத்தால் எழுதிய கொள்ளளவு வரவே வராது. அடி வரை தினம் இறக்கினால் ஆயுசும் போயிரும். நாலும் சேர்ந்து 35 கிலோ எடை வேறு. லித்தியம் 12 கிலோவுக்குள் முடிந்துவிடும். அந்த மட்டில் லித்தியம் நல்லதுதான், நான் மறுக்கவில்லை.

நீர் சொல்ல வேண்டியது: சாயங்காலம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்? பின்னால் யாராவது உட்காருவார்களா? அப்பா இன்னும் வண்டி ஓட்டுகிறாரா?


சேர்மாதேவியான்
4 மார்ச், காலை 7:31

அண்ணாச்சி, ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவேன். தனியாகத்தான். அப்பா ஓட்டுவார், ஆனால் வயல், கடைத்தெரு, கோவில் என்று நாளுக்கு 7, 8 கிலோமீட்டர்தான்.


கொக்கிரகுளம்
4 மார்ச், காலை 10:20

லூப் வயர் விஷயத்தை நான் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 250 வாட்டுக்குக் கீழே, வேகம் 25ஐத் தாண்டாது, பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குள். இந்த வரம்புக்குள் நிற்கும் வரைதான் சட்டம் அதை மோட்டார் வாகனமாகப் பார்ப்பதில்லை. வயரைக் கழற்றிய நிமிடமே அது மோட்டார் வாகனம். நம்பர் கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, ஓட்டுகிறவரிடம் லைசென்ஸும் இல்லாமல் இருக்கலாம். போலீஸ் பிடித்தால் அபராதத்தோடு போகும். ஒருவர் மேல் மோதிவிட்டால் நஷ்ட ஈடு முழுவதும் வீட்டை விற்றுக் கொடுக்க வேண்டியதுதான். தம்பி, உங்கள் மச்சினனிடம் சொல்லுங்கள். இதில் இன்னொரு கூத்து, அதே 250 வாட் ரகத்தைப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்து, அவர்களே வயரைக் கழற்றிக்கொள்கிறார்கள். பதினெட்டு வயதாகாத பிள்ளை மோட்டார் வாகனத்தோடு மாட்டினால் பெற்றவருக்கு 25,000 அபராதமும் ஜெயிலும் 2019 திருத்தத்திலேயே இருக்கிறது.

நான் ஓட்டுவது மோட்டார் வைத்த சைக்கிள். 36 வோல்ட், 7.5 ஆம்பியர் ஹவர், அதாவது கால் யூனிட் சொச்சம். மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 9, 10 வாட் ஹவர்தான். கொக்கிரகுளத்திலிருந்து டவுண் போய் வர இரண்டு நாளுக்கு ஒரு சார்ஜ். வாங்குகிறவர்கள் ஒன்றைப் பாருங்கள்: பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சாரா, எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்று பார்க்கும் சென்சாரா? முதல் ரகத்தில் காலைச் சும்மா சுற்றினாலே மோட்டார் இழுக்கும், கூட்டத்தில் திடுக்கென்று தாவும். இரண்டாவது ரகம் விலை கூட, ஆனால் சாலைத்தெருக் கூட்டத்தில் அதுதான் அடங்கி நடக்கும். சுலோச்சன முதலியார் பாலத்தில் ஏற்றம் இருப்பதே தெரியாது. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம் ஏறும்போதுதான் மோட்டாரின் சாயம் வெளுக்கும்.

என் தம்பி இதே மாதிரி சைக்கிளுக்கு "அப்கிரேட்" செய்கிறேன் என்று 36ஐத் தூக்கிவிட்டு 48 வோல்ட் பேட்டரி மாட்டினான். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியது உண்மை. நாலு நாள் ஓட்டினான். ஐந்தாம் நாள் காலை, முழுச் சார்ஜோடு சுவிட்சைப் போட்டான், சீட்டுக்கு அடியில் டப்பென்று ஒரு சத்தம், மீன் வறுத்த மாதிரி ஒரு நாற்றம். கண்ட்ரோலரைத் திறந்தால் கெபாசிட்டர் தலை வெடித்து உள்ளே இருந்த காகிதம் பூவாக விரிந்து கிடந்தது. அதன் மேலே 50 வோல்ட் என்று எழுதியிருக்கிறது. 48 என்று பேர்தான், முழுச் சார்ஜில் அந்தப் பேட்டரி 54.6 வோல்ட்.


பேட்டை ஒயர்மேன்
4 மார்ச், மதியம் 1:15

அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு. பேட்டரி மாற்றுகிறவர்கள் பேட்டரியை மட்டும் மாற்றுகிறார்கள். சார்ஜர், கண்ட்ரோலர், மிச்சச் சார்ஜைக் காட்டுகிற கேஜ் மூன்றையும் மறந்துவிடுகிறார்கள்.

சார்ஜரை முதலில் பாரும். லெட் ஆசிட் சார்ஜர் ஒரு பேட்டரிக்கு 14.7 வீதம் நாலுக்கும் 58.8 வோல்ட் வரை ஏற்றும். லித்தியத்தில் நிக்கல் ரகம் என்றால் 13 செல் வரிசை, உச்சம் 54.6. பழைய சார்ஜரையே சொருகினால் ஒரு செல்லுக்கு நாலரை வோல்ட் தலையில் ஏறப் பார்க்கும். உள்ளே பிஎம்எஸ் என்று பேட்டரியைக் காக்கிற சர்க்யூட் இருக்கிறது, அது தடுக்கும் என்பார்கள். தடுக்கும்தான். ஆனால் அது வீட்டு ஃபியூஸ் மாதிரி கடைசிக் காவல். தினம் ஃபியூஸ் போவதை நம்பி யாராவது சுவிட்ச் போடுவார்களா? அது ஒரு நாள் தவறினால் தொழுவத்தில் வைக்கோலும் இருக்கும். இரும்பு பாஸ்பேட் ரகம் என்றால் 16 செல், உச்சம் 58.4. பழைய சார்ஜருக்குக் கிட்டத்தட்ட ஒத்துவருகிற மாதிரி தெரியும். அதற்கும் அதற்கான சார்ஜர்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்து வெயிலுக்கு, வீட்டோரம் வைத்துச் சார்ஜ் போடுகிற ஆளுக்கு, நான் பாஸ்பேட் ரகத்தைத்தான் சொல்லுவேன். எடை கொஞ்சம் கூடும், இடமும் கூட அடைக்கும். தீப்பிடிக்கிற பயம் நிக்கல் ரகத்தைவிடக் குறைவு, சார்ஜ் சுற்றும் அதிகம் தாங்கும்.

கேஜ் கதையைக் கேளும். சுத்தமல்லிக்காரர் ஒருவருக்கு நான்தான் பாஸ்பேட் போட்டுக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, "அண்ணாச்சி, மூணு கட்டை காட்டிக்கிட்டே இருந்துச்சு, அப்படியே படுத்துட்டு" என்கிறார். அவர் மேல் தப்பில்லை. அந்தக் கட்டைகள் லெட் ஆசிட்டின் வோல்ட்டைப் பார்த்துக் காட்டுவதற்காக வைத்தவை. லெட் ஆசிட் பையப் பைய வோல்ட் இறங்கும். பாஸ்பேட் கடைசி வரை ஒரே மேனிக்கு நிற்கும், அப்புறம் மொத்தமாக விழும். ஆம்பியரை எண்ணுகிற மீட்டர் ஒன்றைத் தனியாக மாட்டினேன், பிறகு அவர் தள்ளவில்லை. தப்பு என்னுடையதுதான், முதல் நாளே மாட்டியிருக்க வேண்டும்.

கடையில் பேட்டரி வாங்கினால் ஒரே ஒரு சோதனை போதும். 30 ஆம்பியர் ஹவர் என்று சொல்கிறவரிடம், 10 ஆம்பியர் லோடு போட்டு என் முன்னால் ஓட்டிக் காட்டும் என்று கேளும். மூன்று மணி நேரம் ஓட வேண்டும். இரண்டு மணியில் நின்றால் உள்ளே இருப்பது வேறு எங்கேயோ உழைத்துக் களைத்த செல். "இப்போ நேரமில்லை, நாளைக்கு வாங்க" என்றால் நாளைக்கும் போக வேண்டாம்.


கயத்தாறு காத்தாடி
4 மார்ச், இரவு 8:50

எல்லாரும் பேட்டரியையே பேசுகிறீர்கள், காற்றைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லையே!

நான் காற்றாலையில் பராமரிப்பு வேலை. சேர்மாதேவிக்காரர் மார்ச் மாதம் கேட்கிறார். இப்போது காற்று தூங்குகிறது. வைகாசி கடைசியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்க ஆரம்பிக்கும். ஆனி, ஆடி முழுக்க அடிக்கும். எங்களுக்குச் சோறு போடுவதும் அதுதான், உம்ம பேட்டரியைத் தின்னப்போவதும் அதுதான்.

உம்ம வழியைப் பாரும். காலையில் கிழக்கே போகிறீர், காற்று முதுகில் தள்ளும். சாயங்காலம் மேற்கே திரும்புகிறீர், காற்று முகத்தில். அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான் அது வலுக்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். நீர் 40இல் போகிறீர், எதிரே 20 வேகத்தில் அடிக்கிறது என்றால் உம்ம நெஞ்சுக்கு அது 60. காற்று எதிர்ப்பு மட்டும் இரண்டேகால் மடங்கு. காலையில் மிச்சம் பிடித்தது சாயங்காலச் செலவுக்கு ஈடாகாது, எதிர்காற்று எடுப்பது எப்போதும் பின்காற்று கொடுப்பதைவிட அதிகம்.

இதில் 250 வாட் வண்டியைப் போட்டுப் பாரும். 25இல் போக, எதிரே 15 அடித்தால், சக்கரத்துக்கு 450 வாட்டுக்கு மேல் வேண்டும். மோட்டாரிடம் இருப்பது 250. அப்போது என்ன நடக்கும்? 17, 18இல் ஊரும். மோட்டார் முழு மூச்சில் சுட்டுக்கொண்டே வரும். பட்டமடை தாண்டுவதற்குள் இருட்டிவிடும், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வருவான். பேட்டரி 80 கிலோமீட்டருக்கு இருந்தும் பிரயோஜனம் இல்லை.


சேர்மாதேவியான்
4 மார்ச், இரவு 10:02

அண்ணாச்சி, இது எனக்குத் தோன்றவே இல்லை. சைக்கிளில் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆடி மாதம் எழுந்து நின்று மிதித்தது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அப்போ புது வண்டிதான் என்று வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு யூனிட் பேட்டரி பார்க்க வேண்டும்?


பேட்டை ஒயர்மேன்
5 மார்ச், காலை 6:20

காத்தாடி சரியான இடத்தில் பிடித்தார். நான் பேட்டரிக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

கணக்கு இது. நம்பர் பிளேட் வண்டி 40, 45இல் போனால் காற்றில்லாத நாளில் கிலோமீட்டருக்கு 25, 28 வாட் ஹவர். ஆடிச் சாயங்காலம் 40 என்று வையும். போகும்போது 20, வரும்போது 40, சராசரி 30. 48 கிலோமீட்டருக்கு 1.44 யூனிட். அதோடு ஐந்து வருடம் கழித்துப் பேட்டரி கால் பங்கு தேய்ந்திருக்கும், ஒரு நாள் ஜங்ஷனுக்கு இன்னொரு நடை இருக்கும், ஒரு ராத்திரி கரண்ட் இருக்காது. ஆக 2.2 யூனிட் வண்டி மட்டுமட்டாகப் போதும், மூன்று யூனிட் பக்கம் இருந்தால் நிம்மதி. ஐந்து யூனிட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். ஓட்டாத பேட்டரியையும் சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும்.

டிவிஎஸ் ஐக்யூப் ஸ்கூட்டரில் மோட்டார் பின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஏத்தர் ரிஸ்டாவில் மோட்டார் நடுவில், பெல்ட் வழியாகச் சக்கரம் சுற்றுகிறது. சக்கரத்துக்குள் மோட்டார் என்றால் பராமரிப்பு குறைவு, ஆனால் பின் சக்கரம் கனம், குழியில் விழுந்தால் இடுப்புக்குத் தெரியும். பஞ்சர் ஒட்டுகிறவர் கையும் கொஞ்சம் பழக வேண்டும். இரண்டும் ஓசூரில் செய்கிற வண்டிதான். இன்னது வாங்கும் என்று நான் சொல்லமாட்டேன். உம்ம வீட்டிலிருந்து சர்வீஸ் எவ்வளவு தூரம், பாகம் வர எத்தனை நாள் என்று, ஏற்கெனவே ஓட்டுகிற இரண்டு பேரிடம் கேளும். ஷோரூமில் கேட்க வேண்டாம்.

எடுப்பதாக இருந்தால் இந்த மாசமே எடும். மத்திய அரசு மானியம் 2025 மார்ச் வரை பேட்டரி யூனிட்டுக்கு 5,000 வீதம், அதிகபட்சம் 10,000. 2025 ஏப்ரல் 1லிருந்து யூனிட்டுக்கு 2,500, அதிகபட்சம் 5,000. தமிழ்நாட்டில் சாலை வரியும் 2025 டிசம்பர் வரை கிடையாது.


வள்ளியூர் வேகம்
5 மார்ச், காலை 9:11

மச்சினனிடம் பேசினேன். "சவத்த விடு"ன்னு சொல்லிட்டான். ஆனாலும் லூப்பை மாட்ட வைத்தது கொக்கிரகுளம் அக்கா எழுதியதுதான். நஷ்ட ஈடு என்று தங்கச்சி காதில் போட்டேன், அவளே பிடித்து மாட்ட வைத்துவிட்டாள்.


தண்பொருநைக்கரை
5 மார்ச், மதியம் 12:48

ஒரு விஷயம் சேர்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். என் பேட்டரி வண்டி ஒன்றரை நாள் முழுக்க மூழ்கிக் கிடந்தது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்து வீட்டுக்காரர், "ஐபி 67 போட்டிருக்கு, ஒன்றும் ஆகாது, சுவிட்சைப் போடுங்க" என்றார். நல்ல வேளை, என் மகன் போட விடவில்லை. அந்த 67 என்பது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தண்ணீர் தாங்குவதற்கு. ஒன்றரை நாள் சேற்றுத் தண்ணீருக்கு அல்ல. சர்வீஸில் கொண்டுபோய்த் திறந்தபோது பேட்டரிப் பெட்டி காய்ந்துதான் இருந்தது, ஆனால் கனெக்டர் பின்கள் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன. சார்ஜரை நான் தரையோடு மாட்டியிருந்தேன். அது போனது போனதுதான்.

அதனால் சுவிட்ச் போர்டை மார்பு உயரத்துக்கு வையுங்கள். மழை எச்சரிக்கை வந்தால் வண்டியைத் திண்ணையில் ஏற்றிவிடுங்கள். மூழ்கிய வண்டிக்குச் சார்ஜ் போடவே கூடாது.


சேர்மாதேவியான்
29 மார்ச், இரவு 9:30

வண்டி எடுத்தாச்சு. 2.9 யூனிட். மானியம் போக, அண்ணாச்சி சொன்ன தேதிக்குள். வந்த அன்றைக்கே ஒரு பிரச்சினை.

சார்ஜ் போட்டபடி கைப்பிடியைத் தொட்டால் சுர்ரென்கிறது. அடிக்கவில்லை, எறும்பு ஊர்கிற மாதிரி. செருப்புப் போட்டால் தெரியவில்லை, வெறுங்காலோடு தொட்டால் தெரிகிறது. ஷோரூமில் "வண்டியில் கோளாறு இல்லை" என்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிற வீடு.


பேட்டை ஒயர்மேன்
29 மார்ச், இரவு 9:41

சார்ஜைக் கழற்றும். நாளைக்கு வாறேன்.


சேர்மாதேவியான்
30 மார்ச், இரவு 8:15

அண்ணாச்சி பேட்டையிலிருந்து வந்து பார்த்தார். வண்டியில் ஒன்றுமில்லை, வீட்டில்தான். தாத்தா காலத்து ஓட்டு வீடு. சுவிட்ச் போர்டில் மூன்றாவது ஓட்டை இருக்கிறது, அதன் பின்னால் வயரே இல்லை. எர்த் என்பது பேருக்குத்தான்.

முருங்கை மரத்துக்குப் பக்கத்தில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி, செம்புக் கம்பி இழுத்தோம். தனியாக ஒரு 16 ஆம்பியர் சாக்கெட், அதற்கு முன்னால் ஒரு ஆர்சிசிபி. கசிவு 30 மில்லி ஆம்பியர் வந்தாலே கட்டாகிவிடுமாம். டெஸ்ட் பட்டனை அமுக்கி அம்மாவிடம் காட்டினார். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். சாமான் எல்லாம் சேர்த்து 4,600 ஆனது. அண்ணாச்சி கூலி வாங்க மறுத்து, கடைசியில் அம்மா மடியில் கட்டிவிட்ட நேந்திரங்காய்ச் சீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

வண்டி வாங்குகிறவர்கள் பேட்டரியைப் பார்ப்பதற்கு முன் அந்த மூன்றாவது ஓட்டையைப் பாருங்கள்.


கொக்கிரகுளம்
30 மார்ச், இரவு 8:52

தம்பி, இரண்டு மாதக் கரண்ட் கணக்கையும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். வண்டிக்கு மட்டும் இரண்டு மாதத்துக்கு 80 யூனிட் பக்கம் ஆகும், சார்ஜரில் சூடாகிப் போவதையும் சேர்த்து. சராசரி ஐந்து, ஆறு ரூபாய் என்றாலும் ஐந்நூறைத் தாண்டாது. ஆனால் உங்கள் வீட்டில் ஏசி இருந்து, ஏற்கெனவே 450 ஓடுகிறது என்றால் இந்த 80 உங்களை 500க்கு மேலே தள்ளிவிடும். அப்போது கீழ்ப்படியில் இருந்த சலுகை விலையும் போய்விடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு கோடை முழுக்கக் கணவரோடு சண்டை.


சேர்மாதேவியான்
30 மார்ச், இரவு 9:05

ஏசி இல்லை அக்கா. வேப்ப மரம்தான்.


பேட்டை ஒயர்மேன்
2 ஏப்ரல், காலை 6:10

ஓட்டுகிற விதம் பற்றியும் இரண்டு வார்த்தை. ராத்திரி வந்ததும் சூடாகச் சார்ஜ் போட வேண்டாம், ஒரு மணி நேரம் ஆறட்டும். தினம் நூறுக்கு ஏற்ற வேண்டியதில்லை, உமக்கு 80, 85 போதும். ஆபீஸில் நிழல் பார்த்து விடும். லித்தியத்துக்கு நம்ம ஊர் சித்திரை வெயில்தான் எமன், அதுவும் நிறையச் சார்ஜோடு வெயிலில் நிற்பது. டயர் காற்றை வாரம் ஒருமுறை பாரும். இதைச் சொன்னால் எல்லாரும் தலையை ஆட்டுகிறார்கள், ஒருத்தரும் பார்ப்பதில்லை.

அப்புறம், அறுவடை நேரத்தில் ரோட்டில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அதன் மேலே போகும்போது ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட வேண்டாம். விட்டவுடன் மோட்டார் தானாகப் பின் சக்கரத்தைப் பிடித்துச் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். அந்தப் பிடி தார் ரோட்டில் சுகம், வைக்கோலில் வழுக்கும். ஏறுவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஒரே மேனிக்கு லேசாகக் கொடுத்துக்கொண்டே கடந்துவிடும். சத்தமில்லாத வண்டி என்பதால் நெல் கிண்டுகிற பெண்கள் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஹாரன் அடிப்பதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.


சேர்மாதேவியான்
18 ஏப்ரல், மாலை 7:20

அப்பாவின் வண்டிக்கும் வழி பிறந்தது. நாளுக்கு 8 கிலோமீட்டருக்கு 30 ஆம்பியர் ஹவர் எதற்கு என்று அண்ணாச்சி கேட்டார். 15 ஆம்பியர் ஹவர் பாஸ்பேட் பேட்டரி, அதற்கான சார்ஜர், ஆம்பியர் எண்ணும் மீட்டர். கடை சொன்ன 32 ஆயிரத்தில் பாதிகூட ஆகவில்லை. பிஎம்எஸ் மட்டும் சின்னதாக வாங்கவில்லை. கண்ட்ரோலர் 20 ஆம்பியர் இழுக்கும், அதனால் 30 ஆம்பியர் பிஎம்எஸ். 5 ஆம்பியர் லோடு போட்டு என் கண் முன்னால் ஓட்டினார், மூன்று மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாக ஓடியது. பழைய நாலு பேட்டரியையும் காயலான் கடையில் எடைக்குப் போட்டதில் கொஞ்சம் காசு வந்தது.

லூப் வயர் மாட்டியபடியே இருக்கிறது. அப்பா ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி லேசாயிட்டு, ஸ்டாண்டு போட இடுப்பு வலிக்கல" என்றார். வேகத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.


சேர்மாதேவியான்
24 ஜூலை, இரவு 8:40

காத்தாடி அண்ணாச்சிக்காக ஒரு வாரம் கணக்கு எழுதி வைத்தேன். எல்லாம் வண்டித் திரையில் வந்த எண்கள், கிலோமீட்டருக்கு வாட் ஹவர்.

ஏப்ரலில் போக 26, வர 27. வித்தியாசமே இல்லை. இந்த வாரம் போக 19, வர 33இலிருந்து 41 வரை. திங்கட்கிழமை சாயங்காலம் முன்னீர்பள்ளம் தாண்டி வெட்டவெளி வந்ததும், 45இல் வைத்திருந்த வண்டி பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளப்பட்டது. எதிரே வந்த லாரி கடந்த நொடியில் காற்று நின்று, மறு நொடியில் மொத்தமாக வந்து அறைந்தது. அன்றைக்கு 45ஐ விடாமல் ஓட்டினேன், 41 வந்தது. செவ்வாயன்று அதே காற்றில் 36க்கு இறக்கி, கொஞ்சம் குனிந்து ஓட்டினேன், 33. வீட்டுக்கு ஏழு நிமிடம் தாமதம், அவ்வளவுதான். மற்ற நாள்களில் 40இல் வைத்தேன்.

காலையில் 85இல் கிளம்பினால் ராத்திரி 30க்கு மேல் மிச்சம் இருக்கிறது. 250 வாட் வண்டியில் இந்த ரோட்டில் இந்தக் காற்றில் வந்திருந்தால் என்று நினைத்தாலே கோட்டி பிடிக்கிறது. அப்பா மட்டும் தன் வண்டியில் வயலுக்குப் போய்விட்டு, "இன்னைக்குக் காத்து, சைக்கிள்காரன் என்னைத் தாண்டிட்டான்" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

இந்தக் காற்று எப்போது அடங்கும்?


கயத்தாறு காத்தாடி
24 ஜூலை, இரவு 9:55

ஆவணி பாதிக்கு மேல் இறங்கும், புரட்டாசியில் எங்கள் காத்தாடிகளே சோம்பிவிடும். ஆனால் ஐப்பசியில் காற்று திரும்பி வாடை பிடிக்கும். அப்போது காலையில் உம்ம முகத்தில் அடிக்கும், மழையோடு. ரெயின்கோட்டை இப்போதே வாங்கி வையும் வே.